எந்தப் புறநகருக்குக் குடிபோவது? – நாங்கள் ஊர் தேடிய கணக்கு

பன்னிரண்டு வருஷம் பெங்களூரில் இருந்துவிட்டு போன வருஷம் குடும்பத்தோடு சென்னைக்கு வந்தோம். காரணம் அப்பா. அம்மா போன பிறகு கும்பகோணத்தில் தனியாக இருந்தார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார், வயது 76. பெங்களூர் குளிரும் கன்னடமும் ஒத்துவராது என்று வர மறுத்துவிட்டார். "மெட்ராஸ்னா வரேன்" என்றார். சரி, சென்னையில் எங்கே? நகரத்துக்குள் நாலு பேருக்கான வீடு எங்கள் பட்ஜெட்டில் இல்லை. எனவே புறநகர்தான்.

புறநகர் என்றால் எது? இந்தக் கேள்விக்கு நான் மூணு மாசம் செலவழித்தேன். என் குறிப்புகளை இங்கே தொகுத்து வைக்கிறேன். வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கும் முறை உதவும்.

முதலில் செய்தது ஒரு எக்செல் ஷீட். ஏழு ஊர், பதினோரு காலம். வாடகை, ஆபீஸ் தூரம், பள்ளி, மருத்துவமனை, தண்ணீர் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், ஒவ்வொன்றுக்கும் எடை. கூடுவாஞ்சேரி முதலிடம், முடிச்சூர் இரண்டாமிடம். பெருமையாக மனைவியிடம் காட்டினேன். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "இதுல என் ஆபீஸ் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

இல்லை. "ஆபீஸ் தூரம்" என்ற காலத்தில் இருந்தது பெருங்குடியில் உள்ள என் ஆபீஸ் மட்டும். அவள் வேலைக்குப் போகவேண்டியது நுங்கம்பாக்கத்துக்கு. வேண்டுமென்று விடவில்லை, தோன்றவே இல்லை. அதுதான் இன்னும் மோசம். ஷீட்டை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம், இந்த முறை ஆளுக்கு ஒரு வரிசை வைத்து.

1. கிலோமீட்டரை அளக்காதீர்கள், நேரத்தை அளங்கள்

சேசரே மார்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-ல் எழுதிய கட்டுரை ஒன்று பிரபலம். மனிதர்கள் எந்தக் காலத்திலும் ஒரு நாளைக்கு சராசரியாக ஒரு மணி நேரம்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள், வாகனத்தின் வேகம் கூடினால் நேரம் குறைவதில்லை, ஊர்தான் பெரிதாகிறது என்பது அவர் வாதம். தாம்பரம் இதற்கு நல்ல உதாரணம். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. சுமார் 30 கி.மீ. தூரத்தில் இருந்த ஊர் மெல்ல நகரத்தின் பகுதியானது. 2021-ல் தனி மாநகராட்சியே ஆகிவிட்டது.

போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் அந்தச் சராசரியின் இரண்டு மடங்கு. அதைத் தாண்டினால் யாரோ ஒருவருடைய தூக்கத்திலிருந்தோ சமையல் நேரத்திலிருந்தோதான் வெட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அது யாருடையதாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கூடுவாஞ்சேரியில் நாங்கள் பார்த்த வீட்டு வாசலில் இருந்து கிளம்பி நுங்கம்பாக்கம் ஆபீஸ் வாசல் வரை நாங்களே போய்ப் பார்த்தோம். ஒரு மணி ஐம்பது நிமிஷம். மேப்பில் பார்க்கும்போது தெரியாத விஷயம் ஒன்று அன்று புரிந்தது. பெரும்பாலான மின்சார ரயில்கள் தாம்பரத்தோடு திரும்பிவிடும், செங்கல்பட்டு வரை போவது குறைவு. ஆக, தாம்பரம் தாண்டினால் இரண்டு கஷ்டம்: அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும், வரும் வண்டியும் செங்கல்பட்டிலேயே பாதி நிறைந்து வரும். தாம்பரத்தில் காலியாகக் கிளம்பும் வண்டியில் உட்கார்ந்து போகலாம். ஒரே ரயில் பாதை, நாலு ஸ்டேஷன் வித்தியாசம், வாழ்க்கை வேறு.

எனக்கு மட்டும் பார்த்தால் மேடவாக்கம்தான் சரி. மெட்ரோ வரப்போகுது என்றும் சொன்னார்கள். வரப்போகிற ரயிலுக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை வெறும் 5 கி.மீ. பறக்கும் ரயில் இணைப்பு 2008 வாக்கில் தொடங்கி 15 வருஷத்துக்கு மேல் இழுத்தது. அதை நம்பி வீடு வாங்கியவர்களின் பிள்ளைகள் அதற்குள் கல்லூரியே முடித்திருப்பார்கள்.

2. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?

சென்னையின் தெற்கு, மேற்குப் புறநகர்கள் ஏரிகளின் மேல் கட்டப்பட்டவை. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரிநீர் அடுத்த ஏரிக்குப் போகும். கரைக்குக் கீழே மதகிலிருந்து பாயும் ஆயக்கட்டு வயல்கள் இருக்கும். வயலுக்குத் தண்ணீர் தானாகப் பாய வேண்டுமென்றால் அது பள்ளத்தில்தான் இருந்தாக வேண்டும். அந்த வயல்தான் இன்று "நகர்", "அவென்யூ", "என்க்ளேவ்".

2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகள் மூழ்கின. இதைச் சொன்னாலே எல்லோரும் "செம்பரம்பாக்கம் திறந்துவிட்டாங்க" என்பார்கள். ஆனால் மேப்பைப் பாருங்கள். அடையாறு ஆதனூர் பக்கம் தொடங்கி முதலில் முடிச்சூரைத்தான் கடக்கிறது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் வந்து சேர்வது அதற்கும் கீழே, திருநீர்மலை பக்கம். முடிச்சூருக்கு வந்த தண்ணீர் அதன் சொந்த ஏரிகளின் தண்ணீர். அதாவது செம்பரம்பாக்கத்தை எவ்வளவு கவனமாகத் திறந்தாலும் அந்த ஊருக்கு அதனால் பெரிய பாதுகாப்பு இல்லை. என் ஷீட்டில் இரண்டாமிடம் பிடித்த ஊர் இது!

தெருவைப் பார்க்கும்போது நான் கவனித்தவை:

- சர்வே எண்ணை வைத்து தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் அ-பதிவேட்டைப் பார்க்கலாம். நன்செய் என்றிருந்தால் வயலாக இருந்த நிலம். உடனே வேண்டாம் என்றில்லை, ஆனால் அடுத்த கேள்விகளைக் கூர்மையாகக் கேளுங்கள்.
- வீட்டின் தரை ரோட்டுக்கு மேலா கீழா? நம் ஊரில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப்போட்டு, பழைய வீடுகள் பள்ளமாகிவிட்டன.
- இ.பி. மீட்டர் பெட்டியைப் பாருங்கள். ஒரு தெருவில் வரிசையாக எல்லா வீட்டிலும் கழுத்து உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தால் அந்தத் தெரு ஏதோ ஒரு மழையில் பாடம் படித்திருக்கிறது.
- புரோக்கரிடம் கேட்காதீர்கள், இஸ்திரி போடுகிறவரிடம் கேளுங்கள். "இங்க வெள்ளம் வருமா" என்றால் யாரும் ஊரை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். "2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டால் சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள். ஒருவர் எனக்கு இடுப்புக்கு மேலே காட்டினார்.

குடிதண்ணீர்க் கேள்வி தனி. அதை மே மாசம் கேட்க வேண்டும். டிசம்பரில் எல்லா போர்வெல்லிலும் தண்ணீர் இருக்கும். கோடையில் மாசத்துக்கு எத்தனை லாரி வாங்குகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டு அதை வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

3. பகலில் வீட்டில் இருப்பவர் யார்?

நானும் மனைவியும் தேடியது தூங்குவதற்கு ஒரு இடம். ஊரில் முழு நாளும் வாழப்போவது அப்பா. கூடுவாஞ்சேரி பக்கம் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி ஒன்றைக் காட்டினோம். லிஃப்ட், ஜிம், நீச்சல் குளம் எல்லாம் உண்டு. பால்கனியில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஏண்டா, நடந்து போய் ஒரு டீ குடிக்க முடியுமா?" என்றார். கடை ஒன்றரை கிலோமீட்டர். என் ஷீட்டில் மருத்துவமனை தூரம் இருந்தது, டீக்கடை தூரம் இல்லை. நோய் வந்தால் என்ன செய்வது என்று மட்டுமே அவரைப் பற்றி யோசித்திருக்கிறேன்.

4. பள்ளி ஊரை அல்ல, தேதியை முடிவு செய்கிறது

பொண்ணு எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். சிபிஎஸ்இ-யில் ஒன்பதாம் வகுப்பிலேயே வாரியப் பதிவு நடந்துவிடும். பத்தாம் வகுப்பில் பள்ளி மாறுவது எளிதல்ல. எனவே ஒன்பதின் தொடக்கம், இல்லையென்றால் பதினொன்று என்று இரண்டே ஜன்னல்தான். இரண்டாம் மொழி என்ன என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முடிவு

குரோம்பேட்டை கிழக்கில், சிட்லபாக்கம் எல்லையில், கொஞ்சம் மேடான தெரு ஒன்றில் வாடகைக்கு வந்திருக்கிறோம். சிட்லபாக்கம் ஏரிப் பக்கமும் 2015-ல் தண்ணீர் நின்ற தெருக்கள் உண்டு. ஊர் நல்லதா என்பதைவிட தெரு நல்லதா என்பதே கேள்வி. மனைவிக்கு வாசலிலிருந்து வாசல் 55 நிமிஷம். எனக்கு ரேடியல் ரோடு வழியாக பைக்கில் 45. கூடுவாஞ்சேரியைவிட வாடகை அதிகம், வீடு சின்னது. பழைய ஷீட்டில் இந்த ஊர் ஐந்தாமிடம்.

வீடு வாங்கவில்லை. ஒரு வடகிழக்குப் பருவமழையும் ஒரு மே மாசமும் வாடகையில் கழிந்த பிறகு பேசலாம் என்று வைத்திருக்கிறோம். மழை முடிந்தது. தெருமுனையில் இரண்டு நாள் கணுக்கால் தண்ணீர், வீட்டுக்குள் வரவில்லை.

அப்பா காலையும் மாலையும் டீக்கடைக்குப் போகிறார். பொண்ணுக்குத்தான் இன்னும் ஒட்டவில்லை. தினமும் ராத்திரி பெங்களூர் தோழிகளோடு வீடியோ காலில் இருக்கிறாள். அவளுடைய வரிசையில் பள்ளி என்று ஒரே ஒரு காலம்தான் வைத்திருந்தேன். அது போதாது என்று இப்போது தெரிகிறது. அடுத்த முறை யாராவது இப்படி ஷீட் போட்டால், ஆரம்பிக்கும் முன்பே வீட்டில் உள்ள எல்லோரிடமும் காலங்களின் பெயரைக் கேட்டுவிடுங்கள். எடையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.