குடிவாடகையும் அனுமதியும்

பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலம் சென்ற நமக்கு முதற்கவலை வீடு. மொழி அறியாத ஊரில், படித்துப் பாராமலே பத்திரத்தில் கையொப்பமிட்டு விடுகிறோம். அக்கையொப்பம் நமக்கு எவ்வுரிமையைத் தருகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

உடைமை என்பது ஒற்றை உரிமையன்று. பல உரிமைகளின் தொகுதி. விற்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, அனுபவிக்கும் உரிமையை மட்டும் குறித்த காலத்துக்குச் சொந்தக்காரர் பிறருக்கு மாற்றித் தரலாம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி இதுவே குத்தகை. வீட்டு வாடகையும் இதனுள் அடங்கும். அனுமதி என்பது வேறு. அதில் இடத்தைப் பயன்படுத்தலாமேயன்றி, இடத்தின்மீது உரிமை எதுவும் கிட்டாது.

மாத வாடகைக்கு இருப்பவருக்கு, வேறு ஒப்பந்தமோ உள்ளூர்ச் சட்டமோ இல்லாவிடில், 15 நாள் எழுத்து மூலம் அறிவிப்புத் தரவேண்டும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் மேலும் காப்பளிப்பதுண்டு. அனுமதி பெற்றவருக்கு அக்காப்புப் பெரும்பாலும் இல்லை.

ஆயினும் பத்திரத்தின் தலைப்பு மட்டுமே இதனை முடிவு செய்யாது. உள்ளடக்கமே முக்கியம் என்று, தில்லி ஓட்டல் அறைகள் பற்றிய வழக்கில் 1959இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

மும்பையில் வழங்குவது 'லீவ் அண்டு லைசென்ஸ்' பத்திரம். மகாராஷ்டிரத்தின் 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, அதனைப் பதிவு செய்விக்கும் பொறுப்புச் சொந்தக்காரருடையது. எழுதிப் பதியாவிடில், நிபந்தனைகள் குறித்துக் குடியிருப்பவர் சொல்வதே, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை ஏற்கப்படும்.

ஆகவே, பத்திரத்தை அறிந்தவரைக் கொண்டு படிக்கக் கேட்போம். பிரதியும் ரசீதும் தவறாது பெறுவோம்.