பாடம் மனதில் நிற்க லேகியம் உண்டா?

பரீட்சைக் காலம் நெருங்கிவிட்டால் என் வைத்தியசாலைக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். காய்ச்சல், இருமல் என்று வருபவர்கள் அல்ல. "ஞாபக சக்திக்கு ஏதாவது லேகியம் இருந்தா கொடுங்க டாக்டர்" என்று கேட்டு வரும் பெற்றோர்!

அப்படித்தான் ஒரு தாயார் ப்ளஸ் டூ படிக்கும் மகளை அழைத்து வந்தார். "விடிய விடியப் படிக்கிறா டாக்டர். ஆனா புவியியல் மட்டும் மண்டையில நிக்க மாட்டேங்குது. உலக வளங்கள், வளர்ச்சின்னு வருதாமே, அந்தப் பாடத்தை எடுத்தாலே அழுதுடறா" என்றார்.

நாடி பார்ப்பதற்கு முன் அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்டேன். "மனித மேம்பாட்டுக் குறியீடுன்னா என்னம்மா?" மூச்சு விடாமல் நாலு வரி ஒப்பித்தாள். ஓர் எழுத்து தப்பவில்லை. "சரி, ஒரு நாடு முன்னேறியிருக்கான்னு தெரிஞ்சுக்க, அங்கே ஜனங்க எத்தனை வயசு வரைக்கும் வாழறாங்கன்னு ஏன் பார்க்கணும்?" என்றேன். விழித்தாள்.

ஆக, ஞாபக சக்திக்குக் குறைவில்லை. கீழ் இமையை இறக்கிப் பார்த்தேன். வெளுத்திருந்தது. "காலையில் என்ன சாப்பிட்டே?" "டீ மட்டும்தான் சார்." "ராத்திரி எத்தனை மணி நேரம் தூக்கம்?" "நாலு." இப்போது நோய் புரிந்துவிட்டது. காரணம் தெரியாத மனப்பாடம் ஒன்று. பட்டினி கிடக்கும் உடம்பு இன்னொன்று.

எண்ணுக்குப் பின்னால் மனிதர்

முன்பெல்லாம் ஒரு நாட்டின் வளர்ச்சியைத் தனிநபர் வருமானத்தை வைத்தே பெரும்பாலும் எடை போட்டார்கள். ஆனால் வருமானம் குறைவாக இருந்த காலத்திலேயே கேரளத்தில் ஆயுளும் எழுத்தறிவும் உயர்ந்திருந்தன. பணம் மட்டும் அளவுகோல் ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1990-ல் பொருளாதார அறிஞர் மஹபூப் உல் ஹக், அமர்த்தியா சென் போன்றோரின் துணையோடு, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் மூலம் புதிய அளவுகோலைக் கொண்டுவந்தார். பிறக்கும் குழந்தையின் எதிர்பார்க்கப்படும் ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் சேர்த்து 0 முதல் 1 வரை மதிப்பிடுவதுதான் மனித மேம்பாட்டுக் குறியீடு.

ஆயுள் ஏன் இதில் வருகிறது? நல்ல குடிநீர், சத்துணவு, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி, தடுப்பூசி இவையெல்லாம் கிடைத்தால்தானே ஆயுள் கூடும்! அந்த ஓர் எண்ணுக்குள் இத்தனையும் அடக்கம். இப்படிப் புரிந்துகொண்டால் ஒப்பிக்க வேண்டியதே இல்லை.

நான்கு கேள்விகள்

வைத்தியத்தில் நோயைப் பார்த்ததும் மருந்து எழுதுவதில்லை. எங்கே வலி, எதனால் வந்தது, உடம்பில் என்ன செய்திருக்கிறது, எப்படித் தீர்ப்பது என்று வரிசையாகப் போவோம். வளங்கள் பற்றிய பாடத்தையும் அப்படியே படியுங்கள். எங்கே? ஏன்? யாருக்கு என்ன ஆயிற்று? என்ன தீர்வு?

ஏரல் கடலை எடுத்துக்கொள்வோம்.

எங்கே? மத்திய ஆசியாவில், கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் இடையே. பரப்பளவில் ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரி.

ஏன் வற்றியது? 1960களிலிருந்து சோவியத் அரசு, அதில் கலந்த அமு தார்யா, சிர் தார்யா ஆறுகளின் நீரைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பியது.

யாருக்கு என்ன ஆயிற்று? மீன்பிடித் தொழில் போயிற்று. மொய்னாக் துறைமுகத்தின் படகுகள் மணலில் நின்றன. காய்ந்த ஏரிப் படுகையிலிருந்து உப்பும் பூச்சி மருந்தும் கலந்த புழுதி கிளம்பியது. சுற்றுப்புற மக்களுக்குச் சுவாசக் கோளாறுகள் வந்தன. பெண்களிடம் இரத்தசோகை மிகுந்திருந்தது.

என்ன தீர்வு? கஜகஸ்தான் உலக வங்கி உதவியுடன் 2005-ல் கோக் ஏரல் அணையைக் கட்டி முடித்தது. வடபகுதியில் நீர் ஏறியது, மீனும் திரும்பியது. தென்பகுதி பெரும்பாலும் வறண்டே கிடக்கிறது.

இந்த நாலையும் ஒரு சங்கிலியாகச் சொல்லத் தெரிந்தால் ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தாலும் பயமில்லை. விடையில் ஓர் இடத்தின் பெயர், ஓர் ஆண்டு, ஒரு காரணம் இந்த மூன்றும் இருக்கட்டும்.

எண்கள் மறக்கிறதா? வீட்டுப் பாத்திரத்தில் கொட்டிப் பாருங்கள். பூமியின் தண்ணீர் மொத்தமும் 100 லிட்டர் என்று வைத்தால், 97.5 லிட்டர் உப்பு நீர். மிச்சம் 2.5 லிட்டர்தான் நன்னீர். அதில் சுமார் ஒன்றே முக்கால் லிட்டர் பனிக்கட்டியாக உறைந்திருக்கிறது. முக்கால் லிட்டர் நிலத்தடியில். உலகத்து ஏரிகளும் ஆறுகளும் சேர்ந்து? ஏறக்குறைய ஒன்றரை டீஸ்பூன்! இதை ஒருமுறை அளந்து பார்த்த பிள்ளை பரீட்சையில் மறக்காது.

மூடி வைத்துச் சொல்லுங்கள்

ஒரே பக்கத்தைப் பத்து தடவை வாசிப்பதைவிட, இரண்டு தடவை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிச் சொல்லிப் பார்ப்பது மேல். விட்டுப்போனதை மட்டும் மறுபடி பாருங்கள். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை இப்படியே செய்யுங்கள். உலக வரைபடத்தில் அந்த இடத்தைக் கையால் குறித்துவிடுங்கள்.

இரவில் கண் விழித்தால் பித்தம் மிகும் என்பது சித்த மருத்துவம். படித்ததை மூளை பதிய வைக்கத் தூக்கம் தேவை என்பது இன்றைய ஆராய்ச்சி. இரண்டும் சொல்வது ஒன்றுதான்: இந்த வயதில் எட்டு மணி நேரமாவது தூங்க வேண்டும்.

வல்லாரை எப்படி?

வல்லாரைத் துவையல் வாரம் இரண்டு நாள் சாப்பிடலாம், நல்லதுதான். ஆனால் படிக்காத பாடத்தை அது எழுதித் தராது! விளம்பரம் பார்த்து ஞாபக சக்தி மருந்து எதையும் வாங்காதீர்கள். ஈரல் கோளாறு உள்ளவர்களும், வலிப்புக்கு மாத்திரை எடுப்பவர்களும் வல்லாரையை மருந்தாகச் சாப்பிடுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

காலையில் இட்லியோ, கேழ்வரகுக் கஞ்சியோ அவசியம். மதியம் முருங்கைக் கீரை, கூடவே நெல்லிக்காய். நெல்லியிலுள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்புச் சத்து உடம்பில் சேர உதவும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அந்தச் சத்து சேராது; ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். பரீட்சையன்று புதுப் பண்டம் எதுவும் வேண்டாம்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். களைப்பு, தலைவலி, படியேறினால் மூச்சு வாங்குதல் இருந்தால், சோம்பேறி என்று திட்டாதீர்கள். ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் கீரை மட்டும் போதாது. மருத்துவர் சொல்லும் இரும்புச் சத்து மாத்திரையும் வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு 9 தான் இருந்தது. 'மனித வளம்' என்று பக்கம் பக்கமாக ஒப்பித்தவள், அந்த வளம் தானேதான் என்று அதுவரை நினைத்துப் பார்க்கவில்லை. மாத்திரைக்கு எழுதிக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கஞ்சியும் தூக்கமும் வீட்டு வைத்தியம். தாயாரிடம் ஒன்றுதான் சொன்னேன்: "எத்தனை மார்க் வரும்னு தினமும் கேட்காதீங்கம்மா. இன்னிக்கு என்ன படிச்சே, எனக்கும் சொல்லுன்னு கேளுங்க."

உங்கள் வீட்டுப் பிள்ளையிடமும் இன்று இரவு அப்படிக் கேட்டுப் பாருங்களேன். கேட்பதற்கு முன் ஒரு வாய் சாப்பாடு போட்டுவிடுங்கள்.