தோட்டத்துப் பிள்ளை மவுஸைத் தொடுவது எப்போது?

இலங்கைப் பாடத்திட்டத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் தனிப் பாடமாக வருவது தரம் 6இலிருந்துதான். ஆரம்பப் பிரிவில் தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்பவையே பிரதானம். நகரத்துப் பிள்ளைக்கு இதனால் பெரிய நட்டமில்லை. வீட்டில் மடிக்கணினி இருக்கும், இல்லாவிட்டால் டியூஷன் இருக்கும்.

மாத்தளை மாவட்டத்தில் ரத்தோட்டை, எல்கடுவ பக்கத் தோட்டங்களில் நிலைமை வேறு. சிறிய தோட்டப் பாடசாலைகள் பல ஆரம்ப வகுப்புகளோடு முடிந்துவிடுகின்றன. கணினி ஆய்வுகூடமோ இடைநிலைப் பிரிவுள்ள பெரிய பாடசாலைக்குத்தான் போகும். ஆகவே தரம் 6இல் டவுன் பாடசாலைக்கு இறங்கிய பிறகுதான் பிள்ளை முதன்முதலாக மவுஸைத் தொடுகிறது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. அப்பாவின் ஒரே ஃபோனுக்கு மூன்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். அதற்குப் பிறகு “பிள்ளை ஃபோன் நல்லா பாவிக்குது” என்று பெற்றோர் பெருமைப்படுவதை அடிக்கடி கேட்கிறேன். யூடியூப் பார்ப்பது திறன் அல்ல.

அப்படியானால் எட்டு வயதுக்கு எதைக் கற்பிப்பது? நியூசிலாந்தின் கன்ரபரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிம் பெல்லும் அவருடைய சகாக்களும் 1990களிலேயே கணினியே இல்லாமல் கணினி அறிவியல் கற்பிக்கும் விளையாட்டுகளை உருவாக்கினார்கள். அந்த வழியில் ஒன்றை ஒரு தோட்டப் பாடசாலையின் தரம் 3இல் செய்து பார்த்தேன். ஒரு பிள்ளை ரோபோ, மற்றவர்கள் கட்டளை கொடுக்க வேண்டும். மூன்று அடி முன்னே, வலப்பக்கம் திரும்பு, ஐந்து அடி முன்னே. ரோபோ நேரே போய்க் கதவில் முட்டியது. சிரித்து முடித்ததும், எந்தக் கட்டளை பிழை என்று அவர்களே தேடத் தொடங்கினார்கள். செய்நிரலில் பிழை திருத்துவதும் இதே வேலைதான்.

அடுத்தது தமிழில் தட்டச்சு. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிப் பழகிய பிள்ளை, இணையத்திலுள்ள தமிழைத் தேடிப் பிடிக்கத் தெரியாமலே வளர்கிறது. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். வாசிக்கும் உங்களில் சிலருக்கு மாத்தளையில் இன்னும் சொந்தம் இருக்கலாம். கிளிநொச்சியிலுள்ள அம்மம்மாவுக்குத் தமிழில் நான்கு வரி எழுதி அனுப்பச் சொல்வதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

முன்னுதாரணம் நாட்டுக்குள்ளேயே உண்டு. போர்க்காலத்தில் எல்லைக் கிராமமாக இருந்த அநுராதபுரம் மாவட்டத்து மகாவிலச்சியில், நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் 1998இல் தொடங்கிய ஹொரைசன் லங்கா மூலம் கிராமத்துப் பிள்ளைகள் கணினியும் இணையமும் கற்றார்கள். ஆனால் ஓர் ஆசிரியரின் ஆர்வத்தை நம்பி ஒரு மாவட்டத்தை விட்டுவிட முடியாது.

டவுன் பாடசாலையின் ஆய்வுகூடத்தைச் சனிக்கிழமையில் இரண்டு மணித்தியாலம் தரம் 4, 5 தோட்டப் பிள்ளைகளுக்குத் திறந்து கொடுக்கலாம். அதற்கு வேண்டியது வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதிக் கடிதமும், பொறுப்பாக ஓர் ஆசிரியரும், தோட்டத்திலிருந்து இறங்கி ஏற ஒரு வேனும்.