ஓடும் வீட்டில் மைக்ரோவேவ் மாற்றுவது எப்படி? வாங்கும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

வீட்டில் மைக்ரோவேவ் பழுதானால் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. கடைக்குப் போய்ப் புதியது ஒன்றை வாங்கி வந்து, சமையல் மேடையில் வைத்து, பிளக்கைச் செருகினால் அன்று இரவே பால் காய்ச்சிவிடலாம். ஆனால், அதே மைக்ரோவேவ் மோட்டார்ஹோமில் பழுதானால் கதையே வேறு. அலமாரிக்குள் பதித்து, ஸ்க்ரூ போட்டு முறுக்கி வைத்திருக்கும் அந்தப் பெட்டியை மாற்றுவதற்குள் சிலருக்கு ஒரு வாரப் பயணமே வீணாகிவிடுகிறது.

மோட்டார்ஹோம் என்பது அமெரிக்காவில் மிகப் பிரபலமான 'சக்கரம் வைத்த வீடு'. பஸ் போன்ற வண்டிக்குள் கட்டில், சமையலறை, கழிப்பறை, ஏசி எல்லாம் இருக்கும். கோடை விடுமுறையில் இதை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் உண்டு. ஓய்வு பெற்றபின் சொந்த வீட்டையே விற்றுவிட்டு, வருடம் முழுக்க இதிலேயே ஊர் ஊராகச் சுற்றும் தம்பதிகளும் உண்டு. இந்த வண்டிகள் பெருமளவில் தயாராகும் இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரைத் தொழில் வட்டாரத்தில் 'இவற்றின் தலைநகரம்' என்றே அழைக்கிறார்கள்.

ஒரே காலத்தில் பிறந்த இரண்டு

மைக்ரோவேவ் அடுப்பு ரேடார் ஆராய்ச்சியில் பிறந்தது. ரேதியான் நிறுவனத்தில் வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர், உணவைச் சூடாக்கும் இந்த முறைக்கு 1945-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1947-ல் வந்த முதல் அடுப்பு கிட்டத்தட்ட ஆள் உயரம் இருந்தது. எடை சுமார் 340 கிலோ. அதைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் இணைப்பு வேறு வேண்டியிருந்தது. சமையல் மேடையில் வைக்கக்கூடிய சின்ன அடுப்பை அமானா நிறுவனம் 1967-ல்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1966-ல், அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ நிறுவனம் தன் முதல் மோட்டார்ஹோமைத் தயாரித்திருந்தது. இன்று மைக்ரோவேவ் இல்லாத மோட்டார்ஹோமைப் பார்ப்பதே அரிது.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல வண்டிகளில் தனியாக ஓவன் கிடையாது. 'கன்வெக்‌ஷன்' வசதியுள்ள மைக்ரோவேவ்தான் அங்கே ஓவன். கேக் சுடுவது, பீட்சா செய்வது, கோழி வாட்டுவது எல்லாமே அந்த ஒரே பெட்டியில்தான். போதாக்குறைக்கு, அது கேஸ் அடுப்புக்கு நேர் மேலே மாட்டப்பட்டிருந்தால், புகையை வெளியேற்றும் விசிறியும் அடுப்புக்கு வெளிச்சம் தரும் விளக்கும் அதில்தான் இருக்கும். ஆக, பழுதானது ஒரு பெட்டி என்றாலும், நின்றுபோவது மூன்று நான்கு வேலைகள்.

முதலில், பழுது பெட்டியில்தானா?

புதிது வாங்கக் கிளம்பும் முன் இதை உறுதி செய்துகொள்வது நல்லது. மைக்ரோவேவுக்குச் சுத்தமாக உயிரே இல்லை என்றால், அதே பிளக் பாயின்ட்டில் ஒரு டேபிள் விளக்கைச் செருகிப் பார்க்கலாம். விளக்கும் எரியவில்லையா? கோளாறு பிரேக்கரிலோ, இன்வெர்ட்டரிலோ, வயரிலோ இருக்கலாம். புதுப்பெட்டி வாங்கினாலும் அது ஓடாது.

கடிகாரம் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, தட்டும் சுற்றுகிறது, ஆனால் சூடாகவில்லை என்றால் உயர் மின்னழுத்தப் பகுதியில் கோளாறு என்று பொருள். சூடாகிறது, ஆனால் மந்தமாக இருக்கிறதா? அப்போது மின்னழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். கூட்டம் அதிகமுள்ள முகாம் மைதானங்களில், எல்லா வண்டிகளும் ஏசி போடும் மதிய நேரத்தில் இது கணிசமாகக் குறைந்துவிடும். அப்போது நல்ல மைக்ரோவேவ்கூடச் சோம்பலாகத்தான் வேலை செய்யும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. 250 மி.லி. சாதாரணத் தண்ணீரை ஒரு கப்பில் ஊற்றி, மரக்கரண்டி ஒன்றைப் போட்டு உள்ளே வையுங்கள். 1,000 வாட் அடுப்பு என்றால் ஒன்றரையிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் தண்ணீர் கொதிநிலைக்கு வந்துவிட வேண்டும். காலையில் சரியாகவும் மதியத்தில் மந்தமாகவும் இருந்தால், குறை பெட்டியில் இல்லை.

எது எப்படி இருந்தாலும், மைக்ரோவேவின் இரும்பு உறையைக் கழற்றி உள்ளே கை வைக்கவே கூடாது. அதிலுள்ள கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். அது உயிரைப் பறிக்கும். உள்ளே பழுது பார்ப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

கேள்வி 1: இடம் போதுமா?

பழைய மாடல் அப்படியே கிடைத்தால் பிரச்னை இல்லை. ஆனால், பத்துப் பதினைந்து வருடங்கள் ஓடிய வண்டியில் இருக்கும் மாடல் பெரும்பாலும் தயாரிப்பிலிருந்தே போயிருக்கும். புதிய மாடல் அரை அங்குலம் உயரம் கூடினாலும் உள்ளே போகாது.

அதனால் பழைய பெட்டியின் அளவை எடுப்பதைவிட, அது உட்கார்ந்திருக்கும் குழியின் அளவை எடுப்பதுதான் முக்கியம். அகலம், உயரம், ஆழம் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று இடங்களில் அளக்க வேண்டும். வண்டியின் சுவரும் கூரையும் வளைந்திருந்தால் முன்பக்கம் ஓர் அளவும் பின்பக்கம் வேறு அளவும் வரும். பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது, கதவு திறக்கும்போது பக்கத்து அலமாரியில் இடிக்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

'மேடையில் வைக்கும் சாதாரண மைக்ரோவேவை வாங்கி அந்தக் குழிக்குள் தள்ளிவிட்டால் என்ன?' என்று பலரும் யோசிப்பார்கள். விலை நூறு டாலர் அளவில் முடிந்துவிடுமே! கன்வெக்‌ஷன் மாடலுக்குப் பல நூறு டாலர் ஆகும். ஆள் வைத்து மாட்டினால் கூலி தனி. ஆனால், மேடை மாடல்கள் பக்கவாட்டிலும் மேலேயும் பின்னாலும் காற்று போக இடைவெளி கேட்பவை. அதை மூடிய அலமாரிக்குள் அடைத்தால் வெப்பம் வெளியேறாமல் சீக்கிரமே கெட்டுப்போகும். உள்ளே பதிப்பதற்கு ஏற்றதா, அதற்கான சட்டம் தனியாகக் கிடைக்கிறதா என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குவதே சரி.

அடுப்புக்கு மேலே இருந்ததை எடுத்துவிட்டு விசிறி இல்லாத மாடலைப் போடுவது இன்னும் சிக்கல். சின்ன இடத்தில் கேஸ் எரியும்போது ஈரமும் கார்பன் மோனாக்சைடும் சேரும். விசிறி போய்விட்டால் தனியாக ஒரு புகைபோக்கி விசிறியைப் பொருத்தித்தான் ஆக வேண்டும்.

கேள்வி 2: எடையைத் தாங்குமா?

வீட்டு மைக்ரோவேவ் அசையாமல் நிற்கிறது. மோட்டார்ஹோமில் இருப்பது நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, குழியில் குதிக்கிறது, திடீர் பிரேக்கில் முன்னோக்கி உந்தப்படுகிறது. அடுப்புக்கு மேலே மாட்டும் கன்வெக்‌ஷன் மாடல் 25 கிலோவுக்கு மேல் இருக்கும். அது பிடுங்கிக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த மாடல்கள் இரண்டு இடத்தில் பிடிப்பு பெறுகின்றன. பின்சுவரில் ஒரு இரும்புத் தகடு. மேல் அலமாரியின் அடித்தட்டு வழியாக இறங்கும் நீள போல்ட்டுகள். வீட்டுச் சுவரில் மரச்சட்டங்கள் இருக்கும். வண்டியின் சுவரோ மெல்லிய பிளைவுட், நடுவில் ஃபோம், அங்கங்கே அலுமினியம் அல்லது மரச்சட்டம் என்று இருக்கும். தயாரிப்பாளர் பலப்படுத்திய இடத்தில்தான் ஸ்க்ரூ நிற்கும். மற்ற இடத்தில் போட்டால் சில நூறு மைல்களில் கழன்றுவிடும். நீளமான ஸ்க்ரூ என்றால் வெளிச்சுவரைத் துளைத்துக்கொண்டு வரலாம். உள்ளே ஓடும் வயரையும் குத்தலாம்.

அதே நிறுவனத்தின் புதிய மாடல் பழைய தகட்டிலேயே உட்காருமா என்று முதலில் விசாரியுங்கள். உட்கார்ந்தால் பாதி வேலை மிச்சம்.

கேள்வி 3: கரன்ட் போதுமா?

பெட்டியின் மேல் '1,000 வாட்' என்று போட்டிருப்பது உணவுக்குள் போகும் சக்தி. அது இழுக்கும் மின்சாரம் 1,500 வாட் அளவில் இருக்கும். சரியான எண் பெட்டியின் பின்னால் உள்ள தகட்டில் இருக்கும்.

சிறிய, நடுத்தர வண்டிகள் பலவற்றுக்கு 30 ஆம்பியர் இணைப்புதான். 120 வோல்ட் கணக்கில் மொத்தம் 3,600 வாட். ஏசி 1,500, மைக்ரோவேவ் 1,500, காபி மெஷின் 900 என்று மூன்றும் சேர்ந்தால் 3,900 ஆகிவிடும். பிரேக்கர் விழும். பெரிய வண்டிகளின் 50 ஆம்பியர் இணைப்பில் இந்தத் தொல்லை குறைவு.

பேட்டரியில் ஓட்டுவதாக இருந்தால் கணக்கு இன்னும் கறார். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 1,500 வாட் எடுக்க 125 ஆம்பியர் வேண்டும். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் அதிகம். பல முகாம்களில் இரவில் ஜெனரேட்டர் ஓட்டவும் அனுமதி கிடையாது. ஆகவே, வண்டியில் இருக்கும் இன்வெர்ட்டர் புதிய பெட்டியைத் தாங்குமா, அது 'ப்யூர் சைன் வேவ்' வகையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மலிவான வகை இன்வெர்ட்டரில் மைக்ரோவேவ் உறுமும், சூடும் குறையும்.

கழற்றும்போது கவனம்

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். முகாமின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டால் கரன்ட் போய்விட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். மோட்டார்ஹோமுக்குக் கரன்ட் வரும் வழிகள் மூன்று: வெளி இணைப்பு, ஜெனரேட்டர், இன்வெர்ட்டர். வெளி இணைப்பு போனதும் இன்வெர்ட்டர் தானாகவே பேட்டரியிலிருந்து கரன்ட் கொடுக்க ஆரம்பிக்கலாம். பேட்டரி இறங்கினால் தானே கிளம்பும் ஜெனரேட்டர்களும் உண்டு. மூன்றையும் அணைத்து, பிரேக்கரையும் இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே பிளக்கில் கை வைக்க வேண்டும்.

அடுத்து, அடுப்பின் மேல் கெட்டியான பலகையைப் பரப்பி, அதன்மேல் பெட்டிகளை அடுக்கி, மைக்ரோவேவின் அடிவரை முட்டுக்கொடுங்கள். உள்ளே இருக்கும் கண்ணாடித் தட்டை முதலில் எடுத்துவிடுங்கள். பிறகு ஒருவர் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் மேல் போல்ட்டுகளைக் கழற்றலாம். முன்பக்கம் மெல்லச் சாய்த்துத் தூக்கினால் பின்தகட்டின் கொக்கியிலிருந்து விடுபடும். தனியாளாகச் செய்யும் வேலை இல்லை இது.

புதியதை மாட்டும் முன், விசிறி எந்தப் பக்கம் காற்றை வெளியேற்ற வேண்டும் என்று பாருங்கள். மேல்பக்கம், பின்சுவர், வண்டிக்குள்ளேயே சுழற்சி என மூன்று விதமாகப் பல மாடல்களில் மாற்றிக்கொள்ளலாம். பெட்டி ஏறிய பிறகு இதை மாற்ற வேண்டும் என்றால் மறுபடி இறக்கத்தான் வேண்டும். வெளிச்சுவரில் மூடி இருந்தால், சமைக்கும்போது அதன் கொக்கியைத் திறந்துவைக்கவும் மறக்கக் கூடாது.

எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு கப் தண்ணீரைச் சூடாக்கிப் பார்த்தால் மட்டும் போதாது. கரடுமுரடான சாலையில் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, எல்லா ஸ்க்ரூக்களையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். கதவு தானாகத் திறக்கிறதா என்று கவனியுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கண்ணாடித் தட்டை எடுத்து, துண்டில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள்.

கடைக்குப் போகும்போது கையில் மூன்று எண்கள் இருக்கட்டும்: குழியின் அளவு, பழைய பெட்டியின் எடை, வண்டியின் ஆம்பியர். இந்த மூன்றோடும் ஒத்துப்போகாத பெட்டி எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும், அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.