எட்டே பாட்டு... அரை மணி நேர இடி!

குக்கரில் பருப்பு வைத்து, ரசம் கூட்டி இறக்குவதற்குள் முடிந்துவிடுகிற ஆல்பம் அது. மொத்தம் எட்டுப் பாடல்கள், அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். பெயர் 'நைட்மேர் லாஜிக்'. அமெரிக்காவின் டல்லாஸ் நகரைச் சேர்ந்த 'பவர் ட்ரிப்' என்ற ஐவர் குழு 2017 பிப்ரவரியில் வெளியிட்டது.

'மெட்டலா? வெறும் கூச்சல்!' என்று ஒதுங்குபவரா நீங்கள்? இந்தக் கூச்சலுக்கு ஒரு குடும்பக் கதை உண்டு.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மெட்டல் ரசிகர்களும் பங்க் ரசிகர்களும் எலியும் பூனையும்தான். நீளமான முடி, கிட்டார் வித்தை, வேகம் இதெல்லாம் த்ராஷ் மெட்டல்காரர்களின் அடையாளம். ஒட்ட வெட்டிய முடி, ஒரு நிமிடத்தில் முடிகிற பாட்டு, அரசியல் கோபம் இவை ஹார்ட்கோர் பங்க்காரர்களுடையவை. இரண்டையும் கலந்தவர்களில் முக்கியமானது 'டி.ஆர்.ஐ.' குழு. இவர்களும் டெக்சாஸ்காரர்கள்தான், ஹூஸ்டனில் தொடங்கியவர்கள். இவர்களின் முதல் இசைத்தட்டில் 22 பாடல்கள். ஓடும் நேரமோ 20 நிமிடத்துக்கும் குறைவு! 1987-ல் இவர்கள் போட்ட ஆல்பத்தின் பெயரே 'க்ராஸ்ஓவர்'. அந்தக் கலப்பு இசைக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

பவர் ட்ரிப் 2008-ல் தொடங்கியபோது இதெல்லாம் பழைய கதை. ஆனால், இவர்கள் தேடிப்போனது அந்தப் பழசைத்தான். தயாரிப்பாளர் ஆர்தர் ரிஸ்க் ஒலியை வழவழப்பாக்காமல் விட்டிருக்கிறார். பாடகர் ரைலி கேலின் குரல், பெரிய காலி மண்டபத்தில் நின்று கத்துவதுபோல எதிரொலிக்கும். ப்ளேக் இபானெஸின் கிட்டார் மட்டும் வேகத்திலும் பிசிறு தட்டாது. அட்டைப்படம்கூட இத்தாலிய ஓவியர் பாவ்லோ ஜிரார்டி தீட்டியது. பழசைக் காப்பியடித்த குழுக்கள் எத்தனையோ உண்டு. பெரும்பாலானவை கேலிக்கூத்தாகத்தான் முடிந்தன. இவர்கள் தப்பித்ததற்குக் காரணம், பாட்டில் இருந்த கோபம் அசல். ஏழாவது பாட்டின் தலைப்பே, 'நாம் இல்லையென்றால் வேறு யார்?' என்று கேட்கிறது.

இவர்களின் கச்சேரியில் மேடைக்கு முன்னால் ரசிகர்கள் சுழன்று, மோதி, முட்டி ஆடுவார்கள். பார்க்க அடிதடிபோல இருக்கும். ஆனால், யாராவது விழுந்தால் உடனே தூக்கிவிட வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் எழுதப்படாத விதி.

2020 ஆகஸ்ட் 24 அன்று ரைலி கேல் இறந்துபோனார். வயது 34. மலர்களுக்குப் பதிலாக 'டல்லாஸ் ஹோப் சாரிட்டீஸ்' அமைப்புக்கு நன்கொடை கொடுக்கச் சொன்னது குடும்பம். வீடில்லாத தன்பாலீர்ப்பு, திருநர் இளைஞர்களுக்குத் தங்குமிடம் தருகிற அமைப்பு அது. அங்குள்ள நூலகத்துக்கு ரைலியின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

சில மாதங்களில் கிராமி பரிந்துரைப் பட்டியல் வந்தது. இந்த ஆல்பத்தின் இரண்டாவது பாடலான 'எக்ஸிக்யூஷனர்ஸ் டாக்ஸ்', அதன் மேடைப் பதிவு வடிவத்தில், சிறந்த மெட்டல் பிரிவில் இடம்பெற்றிருந்தது. 2021 மார்ச்சில் விருதைத் தட்டிச்சென்றது ஐஸ்-டியின் 'பாடி கவுன்ட்' குழு. விருது பெற்ற அவர்களின் பாட்டு, 'கார்னிவோர்' என்ற ஆல்பத்தில் வந்தது. அதே ஆல்பத்தின் இன்னொரு பாட்டில் விருந்தினராகக் குரல் கொடுத்திருந்தவர்... ரைலி கேல்!

மிச்சமிருந்த நால்வர் என்ன செய்வது? வேறொருவரை நிறுத்தினால் அது அதே குழுவா? மூன்று வருடங்களுக்கு மேல் மேடையேறவில்லை. 2023 டிசம்பரில் ஆஸ்டின் நகரில், முன்னறிவிப்பே இல்லாமல் மேடையில் தோன்றினார்கள். மைக்கைப் பிடித்தவர் சேத் கில்மோர். இபானெஸுடன் 'ஃபியூஜிடிவ்' என்ற இன்னொரு குழுவில் பாடிவந்தவர். இப்போது பவர் ட்ரிப்பின் பாடகரும் அவரே.

முதன்முறை கேட்பவர்கள் அந்த இரண்டாவது பாட்டிலிருந்து தொடங்கலாம். எட்டில் கொஞ்சம் நிதானமாக நடக்கிற பாட்டு அதுதான். ஹெட்போன் என்றால் மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்!