குளிரில் கனியும் கருந்திராட்சை

சிவப்பு ஒயினுக்குரிய திராட்சை வகைகளுள், விளைந்த இடத்தின் தட்பவெப்பத்தைச் சுவையில் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிவிடுவது பினோ நுவாரைப் போல் வேறொன்று அரிது. தளிர்ப்பதிலும் கனிவதிலும் முந்திக்கொள்ளும் இந்த வகை, வெப்ப நிலங்களில் சர்க்கரை மளமளவென ஏறி, மணம் கூடுமுன்பே பழுத்துவிடுகிறது. புளிப்பைத் தரும் மாலிக் அமிலத்தைக் கனி தன் சுவாசத்தில் எரித்துவிடும் வேகமும் வெப்பத்தோடு கூடுவதால், அந்தப் புளிப்பைக் காப்பவை குளிர்ந்த இரவுகளே. தோல் மெல்லியது, அதிலுள்ள ஆந்தோசயனின் எனும் நிறமியும் குறைவு. ஆகவே ஒயின் வெளிறியே இருக்கும் என்றாலும், அதைக் குறையாகக் கொள்வது பிழை.

பிரான்சின் பர்கண்டியே இதன் தாயகம். அங்கே 1395-இல் ஃபிலிப் கோமகன், மிகுதியாகக் காய்க்கும் கமே வகையைப் பிடுங்கியெறிய ஆணையிட்டுப் பினோவுக்கு வழிவிட்டார். செர்ரிப் பழமும் ஈரமான காட்டுமண்ணும் கலந்த மணத்தைத் தோட்டத்துச் சுண்ணாம்பு மண்ணின் கொடையாகவே அவ்வூரார் போற்றுகின்றனர். ஆனால் மண் சுவையாகக் கரைந்து கனிக்குள் ஏறுவதில்லை, வேருக்கு எவ்வளவு நீரை நிறுத்தி எவ்வளவை வடியவிடுகிறது என்பதன் வழியாகவே அது பெரிதும் செயல்படுகிறது.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து வில்லாமெட் பள்ளத்தாக்கும் நியூசிலாந்தின் சென்ட்ரல் ஒட்டாகோவும் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில், 45 பாகையில், ஒன்று வடக்கிலும் மற்றொன்று தெற்கிலுமாக அமைந்திருந்தும் அவற்றின் ஒயின்கள் ஒத்திருப்பதில்லை. முன்னதைப் பசிபிக் கடற்காற்று மிதப்படுத்துகிறது. டேவிட் லெட் 1965-இல் அங்கே பினோ நாற்றுகளை நட்டார், அவற்றின் ஒயின் பர்கண்டிச் சாயலுடையதாக அமைந்தது, 1987-இல் பர்கண்டியின் ட்ரூவன் குடும்பமே அங்கு நிலம் வாங்கியது. பின்னதோ மலைகளால் கடலிலிருந்து மறைக்கப்பட்ட உள்நாடு: பகலில் கடும் வெயில், இரவில் கடுங்குளிர், அதோடு வலிய புற ஊதாக் கதிர்கள். அக்கதிர்களுக்கு எதிரான காப்பாகத் தோலில் நிறமியும் டானின் முதலிய துவர்ப்புப் பொருள்களும் மிகுவதால், அங்கே ஒயின் கருமை கூடிப் பிளம் பழத்தின் திண்மையைப் பெறுகிறது.

ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கு 50 பாகையையும் தாண்டி வடக்கே இருப்பினும், தெற்கு நோக்கிய செங்குத்துச் சரிவுகளின் பலகைக்கல் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் விடுவதால் அங்கும் பினோ கனிகிறது. அங்கு அதன் பெயர் ஸ்பேட்பர்குண்டர், அதாவது 'பிந்திய பர்கண்டியன்'. முந்திக் கனியும் வகைக்கு இப்பெயர் வேடிக்கைதான், ஆனால் அதனினும் முன்னதாகப் பழுக்கும் அதன் திரிபு ஒன்று அருகிலேயே விளைகிறது.

பினோ நாடும் இந்தக் குளிரே இப்போது குறைந்து வருகிறது. பர்கண்டியின் போன் நகரில் 1354 முதல் தொடரும் அறுவடைப் பதிவுகளின்படி, 1988-க்குப் பிறகு திராட்சை பறிக்கும் நாள், அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் சராசரியைவிட 13 நாள் முன்னதாக வந்துவிட்டது.