படம் காணாத நண்பனும் கேத்திரகணிதமும்

மாலை வேளை. வீட்டுவேலையாகக் கொடுக்கப்பட்ட ஐந்து கணக்குகளுள் நான்கு முடிந்துவிட்டன. ஐந்தாவதாகிய கேத்திரகணித நிறுவல் மட்டும் அசைய மறுக்கிறது. மாணவன் கைத்தொலைபேசியை எடுத்து, அப்பியாசக் கொப்பியிலுள்ள உருவத்தைப் படம்பிடித்து, உடன்பயிலும் நண்பனுக்கு அனுப்புகிறான். சில நிமிடங்களில் விடையும் படமாகவே வந்து சேருகிறது. அதனை எழுத்துப் பிசகாமற் பார்த்தெழுதிவிட்டு உறங்கச் செல்கிறான். உதவி கேட்டதிலே குற்றமில்லை, உதவியதிலும் குற்றமில்லை. ஆயினும், பரீட்சையில் அதே கணக்கு, உருவம் சற்றே திருப்பி வரையப்பட்டு, எழுத்துகள் மாற்றப்பட்டு வரும்பொழுது, அது முன்பின் காணாத கணக்காக அவனுக்குத் தோன்றுகிறது.

இஃது ஏன் நேர்கிறது? அட்சரகணிதத்திலே கேள்வி முழுவதும் பெரும்பாலும் எழுத்தில் இருக்கிறது. கேத்திரகணிதத்திலோ கேள்வியின் ஒரு பாதி உருவத்திலே தங்கியிருக்கிறது. உருவம் துணையும் செய்யும், வஞ்சனையும் செய்யும். தரப்பட்டவை எவை, கண்ணுக்கு அவ்வாறு தோன்றுபவை எவை என்று பிரித்தறிவதே இக்கல்வியின் முதற்படி. அப்படியை மாணவன் தாண்டுமுன்னரே விடை வந்துவிட்டால், பிறகு அவன் அதனைத் தாண்டுவதற்குக் காரணமே இல்லாமற் போகிறது.

உருவத்தின் வஞ்சனைக்குப் பெயர்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. றவுஸ் போல் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1892 இல் வெளியிட்ட கணித விநோத நூலில் அது காணப்படுகிறது. எந்த முக்கோணியும் இருசமபக்க முக்கோணியே என்று அது ‘நிறுவிக்’ காட்டுகிறது! வானொலியிலே கேத்திரகணிதம் பேசுவது வீண்முயற்சி எனச் சிலர் நகைக்கக்கூடும். ஆனால் இந்த வஞ்சனையைக் கண்டுபிடிப்பதற்குப் படம் இல்லாதிருப்பதே நல்லது.

அ, ஆ, இ என்னும் மூன்று உச்சிகளையுடைய முக்கோணி ஒன்றை மனத்தில் வரைந்துகொள்க. அ என்னும் உச்சியிலுள்ள கோணத்தை இருகூறாக்கும் கோடும், எதிர்ப்பக்கத்தின் செங்குத்து இருகூறாக்கியும் ஒரு புள்ளியிற் சந்திக்கின்றன. அப்புள்ளியிலிருந்து மற்றைய இரு பக்கங்களுக்கும் செங்குத்துகள் வரையப்படுகின்றன. ஒருங்கிசையும் முக்கோணிகளைக் கொண்டு நோக்கினால், அ என்னும் உச்சியிலிருந்து செங்குத்துகளின் அடிகள் வரையுள்ள தூரங்கள் இரண்டும் சமம். அவ்வடிகளிலிருந்து ஆ, இ என்னும் உச்சிகள் வரையுள்ள தூரங்கள் இரண்டும் சமம். சமமானவற்றோடு சமமானவற்றைக் கூட்டினால் இரு பக்கங்களும் சமமாகின்றன. ஒவ்வொரு வரியும் சரி போலவே தோன்றுகிறது.

பிழை தருக்கத்தில் அன்று, படத்திலே ஒளிந்திருக்கிறது. சந்திக்கும் புள்ளியை முக்கோணிக்கு உள்ளே வரைந்துவிடுவதே வழக்கம். இரு பக்கங்களும் சமனற்றவையாயின், அப்புள்ளி உண்மையில் வெளியே, மூன்று உச்சிகளின் ஊடாகவும் செல்லும் வட்டத்தின் மேல் இருக்கிறது. பக்கங்கள் 8 சென்ரிமீற்றரும் 6 சென்ரிமீற்றரும் எனின், உச்சியிலிருந்து அடிகள் வரையுள்ள தூரம் இரு புறமும் 7 சென்ரிமீற்றர்; எஞ்சிய தூரம் இரு புறமும் 1 சென்ரிமீற்றர். நீண்ட பக்கத்திலே 7 உடன் 1 ஐக் கூட்ட 8 வருகிறது. குறுகிய பக்கத்திலோ அடி பக்கத்தைக் கடந்து அதன் நீட்சியில் விழுவதால், 7 இலிருந்து 1 ஐக் கழிக்க வேண்டும், 6 வருகிறது. கூட்டலா கழித்தலா என்பதைத் தீர்மானித்தது கைபோன போக்கில் வரைந்த ஒரு கோடு.

இப்படத்தை அப்படியே நண்பனுக்கு அனுப்பினால், அனுப்பியவனுடைய மயக்கமும் படத்தோடு சென்று நண்பனையும் பற்றிக்கொள்ளும். சொற்களில் எழுதி அனுப்பினாலோ, நண்பன் தானே புதிதாக ஓர் உருவம் வரைய வேண்டியவனாகிறான்.

இணையம் இளமையாயிருந்த காலத்தில் இது விருப்பத்தினால் அன்றி, வேறு வழியில்லாமையினால் நடைபெற்றது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள சுவாத்மோர் கல்லூரியில், 1994 இல், ‘கணித டொக்டரைக் கேளுங்கள்’ என்னும் பொருள்படும் பெயரோடு ஒரு சேவை தொடங்கிற்று. பாடசாலைப் பிள்ளைகள் மின்னஞ்சலில் அனுப்பும் ஐயங்களுக்கு விடையளித்த அந்த ‘டொக்டர்’, பட்டமும் பதவியும் உடைய பேராசிரியர் அல்லர், அக்கல்லூரி மாணவர்களே. அக்காலத்து மின்னஞ்சல் பெரும்பாலும் வெறும் எழுத்தாகவே சென்றது. ஆகவே கேட்பவர் தம் உருவத்தைச் சொல்லால் விவரிக்க வேண்டியிருந்தது. விடையளிப்பவர் தட்டச்சுக் குறிகளை அடுக்கிக் கோடுகளைக் காட்டினர். இன்றைய கண்ணுக்கு அது பரிதாபமாகத் தோன்றும். எனினும், விவரிக்கத் தொடங்கிய பிள்ளை, ‘இக்கோணம் செங்கோணம்’ என்று எழுதுமிடத்து, அது தரப்பட்டதா, தான் அவ்வாறு வரைந்ததா என்று ஒரு கணமேனும் நின்று பார்த்திருக்கும்.

உதவி செய்யும் நண்பனுக்கும் ஒரு கடமை உண்டு. பிளேற்றோவின் ‘மெனோ’ என்னும் உரையாடலிலே, இரண்டடிச் சதுரத்தின் பரப்பை இருமடங்காக்கும் வழியைச் சோக்கிரதீசர் ஓர் அடிமைச் சிறுவனிடம் கேட்கிறார். பக்கத்தை நான்கடியாக்கலாம் என்கிறான் சிறுவன். பரப்பு 8 ஆகாமல் 16 ஆகிவிடுகிறது. மூன்றடி என்கிறான், 9 வருகிறது. மூலைவிட்டத்தின்மீது சதுரம் அமைக்கும் வழி அதன்பின்னரே வெளிப்படுகிறது. சோக்கிரதீசரின் கேள்விகளிலேயே விடையிற் பாதி ஒளிந்திருந்ததெனக் குறைகூறுவோரும் உளர், இருக்கட்டும். பிழையான இரு விடைகளையும் சிறுவனே சொல்லி, அவை பிழையென்று அவனே காணும்வரை அவர் பொறுத்திருந்தார் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. இந்தப் பொறுமையில் ஆசிரியரிலும் சகமாணவனே சில வேளைகளில் வல்லவன். சென்ற வாரம் தான் இடறிய கல் எங்கே கிடக்கிறது என்பது அவனுக்கு இன்னும் நினைவிருக்கும்.

சாதாரண தர மாணவர் யாவரும் அறிந்த தேற்றம் ஒன்று: வட்டத்தின் வில்லொன்று மையத்தில் எதிரமைக்கும் கோணம், அவ்வில் எஞ்சிய பரிதியில் எதிரமைக்கும் கோணத்தின் இருமடங்காகும். இதனை ஒருவர் மற்றவர்க்குச் சொல்லால் மட்டும் அனுப்பி, இருவரும் தனித்தனியே வரைந்து, அதன்பின் படங்களை ஒப்பிடுவார்களாயின், ஒருவருடைய படத்திலே மையம் பரிதிக்கோணத்தின் புயங்களுக்கு இடையே இருத்தல் கூடும். மற்றவருடையதில் வெளியே இருத்தல் கூடும். முதலாவதில் இரு கோணங்களைக் கூட்ட வேண்டும். இரண்டாவதிற் கழிக்க வேண்டும். ‘உன் படம் பிழை’ என்று இருவரும் சிறிது நேரம் வாதாடுவர். இரண்டும் சரியே என்றும், நிறுவல் இரண்டுக்கும் வேண்டுமென்றும் கண்டுகொள்ளும்வரை அந்த வாதம் நடக்கட்டும்.